ஒரு பக்கம் அச்சான காகிதங்கள்

எங்கள் வீட்டில் நோட்டுப் புத்தகம் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. அப்பா அலுவலகத்திலிருந்து கொண்டுவரும் காகிதமே எங்களுக்குப் போதும். இரு ஓரங்களிலும் வரிசையாகத் துளையிட்டு, ஒன்றோடொன்று மடிப்பு மடிப்பாக இணைந்த கணினித் தாள். முன்பக்கம் வெளிர்ப்பச்சைக் கோடுகள். அவற்றின் மேல் மங்கிய புள்ளி எழுத்தில் எண்கள். எந்தக் கிணற்றில், எத்தனை அடி ஆழத்தில், என்ன ரசாயனம், எவ்வளவு என்ற பட்டியல். பின்பக்கம் வெள்ளை. அந்தப் பின்பக்கம் எனக்கும் தங்கைக்கும். ஓரத்துத் துளை நாடாவைக் கிழித்தெடுக்கும் உரிமை தங்கையுடையது. அதை மாற்றி மாற்றி மடித்து வளையல் செய்துகொள்வாள். நான் படம் வரைவேன், கணக்குப் போடுவேன், பத்து வயதுக்கு மேல் கதையும் எழுதினேன்.

1989 கோடை முடியும் தறுவாயில் திருச்சியிலிருந்து நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டருக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு ஏழு வயது. நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்களைக் கனவு கண்டு வந்தவனுக்குக் கிடைத்தது மாநிலத்தின் இன்னொரு கோடி. வடக்கே ஒன்டாரியோ ஏரி, ஊர் நடுவே ஜெனசி ஆறும் அருவியும், ஏரிக்காற்று கொண்டுவந்து கொட்டும் பனி. ஊரில் எங்கு நின்றாலும் ஸ்டேட் தெருவிலிருந்த கோடாக் கோபுரம்தான் அடையாளம். 1982-இல் அந்தக் கம்பெனி ராச்செஸ்டரில் மட்டும் 60,000 பேருக்கு மேல் வேலை கொடுத்திருந்தது. நாங்கள் போனபோது அந்த எண்ணிக்கை இறங்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும், "அவர் கோடாக்ல இருக்கார்" என்று அம்மா யாரைப் பற்றியாவது சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பா கோடாக்கில் இல்லை. தெற்குப் புறநகரான ஹென்ரியெட்டாவில், மண்ணையும் நிலத்தடி நீரையும் பரிசோதித்து அறிக்கை எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை.

அதே 1989-இல், அதே ஊரில், ஏறக்குறைய அதே மாதிரி வேலைக்கு இன்னொருவரும் சேர்ந்தார். ரேடியன் என்ற பொறியியல் நிறுவனத்தில் தொழில்நுட்ப அறிக்கைகள் எழுதும் வேலை. வயது முப்பது, புதிதாகக் குடும்பஸ்தர். பெயர் ஜார்ஜ் சாண்டர்ஸ். அவர் பெயரில் அப்போது ஒரு புத்தகமும் இல்லை. வெக்மன்ஸ் கடையில் பில் போடும் வரிசையில் எங்களுக்கு முன்னால் அவர் நின்றிருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

சனிக்கிழமைகளில் அப்பா என்னையும் அலுவலகத்துக்குக் கூட்டிப்போவார். துணி ஒட்டிய தடுப்புகளுக்கு நடுவே அவருக்கு ஒரு மேஜை. அவர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது நான் சுழல் நாற்காலியில் சுற்றுவேன். அலுத்துப்போனால் காபி இயந்திரத்துக்கு மேலிருந்த அறிவிப்புப் பலகையைப் படிப்பேன். ஆங்கிலம் எனக்கு நன்றாகப் படிய உதவியதில் அந்தப் பலகைக்கும் பங்குண்டு. குளிர்சாதனப் பெட்டியில் அடுத்தவர் சாப்பாட்டை எடுக்காதீர்கள், வெள்ளிக்கிழமை பிட்சா உண்டு, செலவைக் குறைக்க எல்லோரும் ஒரே குடும்பமாகக் கைகோப்போம். எல்லாம் சிரித்த முகத்தோடு எழுதியிருக்கும், எங்கும் ஆச்சரியக்குறிகள். அப்பா மட்டும் அந்தப் பக்கம் போகும்போது சிரிக்கமாட்டார். புதிதாக ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வேகமாக நடப்பார்.

1991 மார்ச் தொடக்கத்தில் ஊரைப் பனிமழைப் புயல் தாக்கியது. இரவெல்லாம் பெய்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்து, காலையில் மரக்கிளைகள் வெடிபோல முறிந்து விழுந்துகொண்டிருந்தன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு இருந்ததால் மாடிப்படி நெடுக இருந்தவர்களுக்கெல்லாம் அம்மாதான் சமையல். மிளகு ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்த கீழ்வீட்டுக் கிழவர் முப்பது வருடம் ஒரே இடத்தில் லென்ஸ் மெருகேற்றியவர். வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்பதை அவர் எங்களிடம் சொன்னது அந்த இருட்டில்தான். பகல் வெளிச்சத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது.

நான்காம் வகுப்பில் எங்களை மம்ஃபோர்டுக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். ராச்செஸ்டருக்குத் தென்மேற்கே இருபது மைல். அங்கே ஜெனசி கன்ட்ரி வில்லேஜ் என்று 1976-இல் திறந்த ஓர் அருங்காட்சியகம். பக்கத்து ஊர்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகளையும் கடைகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரு கிராமமாகவே நிறுத்தியிருப்பார்கள். நீளப் பாவாடையும் தலைக்குல்லாயும் அணிந்த பெண்கள் கணப்பு அடுப்பில் ரொட்டி சுடுவார்கள். கொல்லர் பட்டறையில் துருத்தி ஊதுவார்கள். உள்நாட்டுப் போர்க்காலச் சிப்பாய் உடையில் வந்த ஒருவர் துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதைச் செய்து காட்டினார். தடித்த நீலக் கம்பளிச் சட்டை, பித்தளைப் பொத்தான்கள். வியர்த்துக் கொட்டியது அவருக்கு.

மத்தியானம் பேருந்துக்குத் திரும்பும்போது கார் நிறுத்துமிடத்து ஓரத்தில் பொதுத் தொலைபேசியருகே அவரைப் பார்த்தேன். தொப்பி கக்கத்தில். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கியபடி, ஒரு விரலால் பித்தளைப் பொத்தானைத் திருகிக்கொண்டே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காசோலை வந்துவிடும், அதுவரை காரை எடுத்துப் போகவேண்டாம் என்று. குரல் தாழ்வாக, கெஞ்சலாக. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து சிப்பாய் மாதிரி ஒரு சல்யூட் வைத்தார். நானும் வைத்தேன். அடுத்த நொடியே குனிந்து மறுபடி பேசத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். "பாவம்டா. ட்ரெஸ் என்ன போட்டா என்ன, மாசக் கடைசின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பிறந்தநாள் அழைப்பு வந்தது. பிட்ஸ்ஃபோர்டில் பெரிய வீடு. அழைத்தவன் நல்ல பையன். அப்பா மார்க்கெட்பிளேஸ் மாலில் தள்ளுபடி விலையில் ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கி, பழைய விலைச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். அது பாதிதான் வந்தது. பசைக்கறை போகவில்லை. அம்மா அதன் மேல் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தாள். விருந்தில் குதிரைக்குட்டி ஒன்றை வரவழைத்திருந்தார்கள். பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று. என்னை இறக்கிவிட வந்த அப்பா அந்தப் புல்வெளியையும் குதிரையையும் ஓரமாக நின்று பார்த்தார். திரும்பும் வழியில் காரில், "உனக்கும் அடுத்த வருஷம் பெருசா பண்ணுவோம் கண்ணா" என்றார். நான் கேட்கவே இல்லை. கேட்காததற்கு அவர் பதில் சொன்னார்.

அடுத்த வருஷம் கடிதம் வந்தது. ஒற்றைப் பக்கம். நான்கு பத்திகளில் மூன்று அப்பாவுக்கு நன்றி சொல்லின. அவருடைய உழைப்பு, அர்ப்பணிப்பு, குழு உணர்வு. கடைசிப் பத்தியில்தான் தேதி இருந்தது. அதை அப்பா சாப்பாட்டு மேஜையில் வைத்து, சுருக்கம் நீக்குவதுபோல் உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். "என்னங்க, இவ்வளவு நல்லாச் சொல்லியிருக்காங்களே" என்றாள் அம்மா, பாதி படித்துவிட்டு. கொஞ்ச காலத்தில் வேறு வேலை கிடைத்து நியூ ஜெர்சிக்குப் போனோம். கட்டிலுக்கடியில் அடுக்கியிருந்த கணினித்தாள் கட்டும் லாரியில் கூடவே வந்தது.

2000-இல் கல்லூரி நூலகத்தின் புதுவரவு அலமாரியில் ஜார்ஜ் சாண்டர்ஸ் எழுதிய 'பாஸ்டொராலியா' என்ற சிறுகதைத் தொகுப்பை எடுத்தேன். தலைப்புக் கதையில் ஓர் ஆணும் பெண்ணும் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் குகை மனிதர்களாக நடிக்கிறார்கள். ஆங்கிலம் பேசக்கூடாது, சுவரில் படம் வரைய வேண்டும், பூச்சி பொறுக்கித் தின்பதுபோல் பாவனை செய்ய வேண்டும். தினம் காலையில் சுவர்த் துளை வழியாக ஓர் ஆடு வரும். வியாபாரம் படுத்தால் ஆடு வராது. ஒவ்வோர் இரவும் தன்னுடன் வேலை செய்பவளின் நடத்தை பற்றிப் படிவம் நிரப்பித் தொலைநகலில் அனுப்ப வேண்டும். அவள் விதிகளை மீறுகிறாள். அவன் மறைத்து எழுதுகிறான். அவனுக்கு நோயாளிப் பிள்ளை, மருத்துவச் செலவு. நிர்வாகமோ சிரித்த முகத்தோடு நெருக்குகிறது. படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. பாதியில் சிரிப்பு நின்றது. ஹென்ரியெட்டா அறிவிப்புப் பலகையின் குரல் அப்படியே காதில் விழுந்தது. கம்பளிச் சட்டைக்காரர் தொலைபேசியில் கெஞ்சியது கேட்டது. எழுதியவரைப் பற்றித் தேடிப் படித்தால், ராச்செஸ்டரில் வேலை பார்த்தவர்.

அன்றைக்கே அவருடைய முதல் தொகுப்பையும் தேடி எடுத்தேன். 1996-இல் வந்த 'சிவில்வார்லேண்ட் இன் பேட் டிக்ளைன்'. உள்நாட்டுப் போர்க்காலத்தை வேஷம்கட்டிக் காட்டும் நொடித்துப்போன பூங்கா, அதில் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள எதற்கும் தலையாட்டும் ஒரு குடும்பஸ்தன், உண்மையாகவே அங்கே உலவும் ஒரு பழைய குடும்பத்தின் ஆவிகள். கதையில் ஊர்ப் பெயர் எதுவாக இருந்தாலும் நான் படித்தது மம்ஃபோர்டில் வைத்துத்தான். அம்மாவிடம் தொலைபேசியில் கதையைச் சொன்னேன். "இது அப்பா கதை மாதிரின்னா இருக்கு. அவரும் நம்ம ஊர்க்காரரா?" என்று கேட்டாள். அவளுக்கு நம்ம ஊர் என்றால் ராச்செஸ்டர்.

சாண்டர்ஸ் 1958-இல் டெக்சஸின் அமரில்லோவில் பிறந்தவர். வளர்ந்தது சிகாகோவின் புறநகரில். படித்தது இலக்கியம் அல்ல. கொலராடோவின் சுரங்கவியல் கல்லூரியில் புவி இயற்பியல் பொறியியல், 1981-இல் பட்டம். எண்ணெய் தேடும் குழுவோடு சுமத்ரா காட்டுக்குப் போனார். அங்கே ஆற்றில் குளித்து நோய்வாய்ப்பட்டுத் திரும்பினார். பிறகு கூரை வேய்ந்தார், வாயிற்காவல் நின்றார், இறைச்சிக் கூடத்திலும் வேலை பார்த்தார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பயிற்சிப் படிப்பில் இடம் கிடைத்தது. அங்கே ஆசிரியர்களில் ஒருவர் டோபியாஸ் வுல்ஃப். உடன் படித்த பாலாவைச் சந்தித்த மூன்றே வாரத்தில் நிச்சயதார்த்தம். 1988-இல் படிப்பு முடிந்தது. அடுத்த ஆண்டு ராச்செஸ்டர்.

அங்கே அவர் முதலில் எழுதியது ஒரு மெக்சிகோ கல்யாணத்தைப் பற்றி, சுமார் எழுநூறு பக்க நாவல். மனைவி சில பக்கம் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். நாவல் குப்பைக்குப் போனது. பிறகு ஒருநாள் அலுவலகத்தில் நீளமான தொலைபேசிக் கூட்டம். குறிப்பெடுக்க வேண்டிய தாளில் குழந்தைப் பாட்டு மாதிரி கோமாளித்தனமான செய்யுள்களைக் கிறுக்கி, பக்கத்தில் படமும் போட்டார். வீட்டில் பாலா அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தாள். ஹெமிங்வேயைப் போல எழுதப் பார்த்த ஆசாமிக்குத் தன் குரல் கிடைத்தது அப்படித்தான். அதன்பின் அந்த வேலையில் இருந்தவரை, முதலாளியின் நேரத்தில், முதலாளியின் கணினியில் திருட்டுத்தனமாகக் கதை எழுதினார். 1992-இல் 'நியூ யார்க்கர்' இதழ் அவர் கதையை முதன்முதலாக வெளியிட்டபோது நான் அதே ஊரில் இன்னோர் அலுவலகத்தின் தாளில் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். ஏழு ஆண்டில் தேறியது ஆறு சிறுகதையும் ஒரு குறுநாவலும். அவ்வளவுதான் முதல் புத்தகம்.

அந்த மெல்லிய புத்தகம் அவருக்கு அலுவலகத்திலிருந்து விடுதலை வாங்கித் தந்தது. 1997-இல் தான் படித்த சிராக்யூஸுக்கே ஆசிரியராகப் போனார். தன் பெண்களுக்குச் சொன்ன கதையிலிருந்து 2000-இல் ஒரு சிறுவர் புத்தகமும் வந்தது. 2006-இல் மூன்றாவது தொகுப்பும் மக்கார்தர் உதவித்தொகையும். அமெரிக்காவின் தேசிய இதழியல் விருதை அவருடைய கதைகள் நான்கு முறை வென்றன. 2013-இல் 'டென்த் ஆஃப் டிசம்பர்' தொகுப்பு. அதுவரை எழுத்தாளர்களுக்குள் கைமாறிக்கொண்டிருந்த பெயர், அதன்பின் விமான நிலையக் கடைகளுக்கு வந்தது.

அந்தத் தொகுப்பிலுள்ள 'செம்ப்ளிகா கேர்ள் டைரீஸ்' கதையை 'நியூ யார்க்கர்' 2012-இல் வெளியிட்டபோது நான் படித்தேன். கனவில் கண்ட ஒரு காட்சியைக் கதையாக்க அவருக்குப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. நாற்பது வயதைத் தொட்ட ஒரு தகப்பன் எழுதும் நாட்குறிப்பு. எழுவாய் இல்லாத, அவசரமான வாக்கியங்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போன இடத்தில் காரின் பம்பர் கழன்று விழுகிறது. மகளின் பணக்காரத் தோழி வீட்டுப் பிறந்தநாளுக்குப் போகிறார்கள். அங்கே புல்வெளியில், ஏழை நாடுகளிலிருந்து கூலிக்கு வந்த பெண்களை வெள்ளுடையில் ஒரு கம்பியில் கோத்து அலங்காரமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். லாட்டரியில் 10,000 டாலர் விழுந்ததும் இவனும் மகளின் பிறந்தநாளுக்கு அதையே வாங்கி மாட்டுகிறான். அவன் கெட்டவன் இல்லை. மகள் தலைகுனியக்கூடாது என்ற ஒரே நினைப்பு. எட்டு வயதுச் சின்னமகளுக்கு மட்டும் தொங்குகிறவர்கள் மனிதர்கள் என்று தெரிகிறது. இரவோடு இரவாக அவர்களை அவிழ்த்துவிடுகிறாள். கடன் அப்பன் தலையில் விழுகிறது.

அந்தக் கதையை நான் ஒரே மூச்சில் படிக்கவில்லை. பம்பர் விழுந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு எழுந்துபோனேன். பசைக்கறையைத் தேய்த்த அம்மாவின் கட்டைவிரலும், புல்வெளி ஓரத்தில் நின்ற அப்பாவின் கோட்டும் முன்னால் வந்துவிட்டன. இன்னொன்றும் உறைத்தது. தொங்குகிறவர்கள் வந்த திசையிலிருந்துதான் நாங்களும் வந்திருக்கிறோம். இந்தக் கதையில் எங்களுக்கு இரண்டு இடமும் உண்டு. வாங்கப் பார்க்கிற அப்பாவும் நாங்கள்தான், கம்பியில் நிற்கிறவர்களும் நாங்கள்தான். வேற்றுநாட்டுக் குடும்பங்களைப் பற்றி அக்கறையோடு எழுதப்பட்ட எத்தனையோ கதைகளில் எனக்குக் கிடைக்காத இடம் இது.

2013 மே மாதம் சிராக்யூஸில் பட்டம் பெறும் மாணவர்களுக்கு அவர் ஆற்றிய உரையும் சிறுவயது நினைவுதான். ஏழாம் வகுப்பில் புதிதாக வந்து சேர்ந்த ஒரு பெண். பயந்தால் தலைமுடியை வாயில் வைத்துக் கடிப்பாள். மற்ற பிள்ளைகள் சீண்டினார்கள். இவர் சீண்டவில்லை, ஆனால் பெரிதாக ஏதும் செய்யவும் இல்லை. ஒருநாள் அவள் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. வாழ்க்கையில் தான் வருந்துவது இப்படி அன்பாக இருக்கத் தவறிய தருணங்களுக்காகத்தான் என்று அவர் பேசினார். 'நியூயார்க் டைம்ஸ்' இணையத்தில் அதை வெளியிட்டதும் உலகமெங்கும் படித்தார்கள். மறு ஆண்டு அது புத்தகமானது. அவருடைய கதைகள் அத்தனைக்கும் அந்த உரையே அடிப்படை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிதான் சரி. உரையில் அன்பு ஓர் அறிவுரை. கதைகளில் அன்புக்கு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்க முடியும், யாரால் முடியாது, வேலை போய்விடும் என்ற பயத்தில் ஒருவன் எவ்வளவு தூரம் கீழிறங்குவான் என்று கணக்குப் பார்ப்பவை அவை. படிவத்தில் பொய் எழுதித் தோழியைக் காப்பாற்றுகிறவன், பிள்ளையின் மருந்துக்காக ஒருநாள் உண்மை எழுதிவிடலாம். அவனை நீங்கள் வெறுக்க முடியாது. அந்தக் கணக்கு ஏழு வருட அலுவலகத்தில் கற்றது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது.

முதல் நாவல் 'லிங்கன் இன் த பார்டோ' 2017-இல்தான் வந்தது. அந்த ஆண்டே புக்கர் பரிசு. அப்போது அவருக்கு வயது 58. மகனை இழந்த லிங்கன் இரவில் கல்லறைக்கு வருவதும், அங்கே ஆவிகள் மாறி மாறிப் பேசுவதுமான நாவல். ஆவிகளைப் பேசவைக்கும் வித்தையை அவர் இருபது ஆண்டுக்கு முன்பே நொடித்துப்போன ஒரு கேளிக்கைப் பூங்காவில் பழகிவிட்டார். பரிசுக்குப் பின் நாவலாசிரியராகத் தொடர்வார் என்று பலரும் எண்ணியபோது, 2021-இல் செகாவ், துர்கனேவ், டால்ஸ்டாய், கோகோல் ஆகியோரின் கதைகளை வரிவரியாக வகுப்பெடுக்கும் 'எ ஸ்விம் இன் எ பாண்ட் இன் த ரெயின்' நூலை வெளியிட்டார். மறு ஆண்டு 'லிபரேஷன் டே', ஐந்தாவது சிறுகதைத் தொகுப்பு.

இருபத்தாறு ஆண்டில் ஐந்து தொகுப்புகள். எல்லாம் சேர்த்து ஐம்பது கதைகூட வராது. சிறுகதை என்பது நாவலுக்குப் போகிற வழியில் இருக்கும் படிக்கட்டு என்று இன்னமும் நினைக்கிற பதிப்பாளர்களுக்கும், "எப்ப நாவல் எழுதப் போறீங்க?" என்று இளம் எழுத்தாளர்களைத் துளைக்கிற நண்பர்களுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சாண்டர்ஸைப் புதிதாகப் படிக்கப் போகிறவர்கள் புக்கர் நாவலில் தொடங்க வேண்டாம். 'பாஸ்டொராலியா'வில் தொடங்கி, அடுத்து 'செம்ப்ளிகா' கதைக்குப் போங்கள். உங்கள் அப்பாவோ அம்மாவோ மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்றால், படித்து முடித்ததும் ஒருமுறை அவரிடம் கதையைச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அவருக்குப் புரியும்.